பந்த் நாளில் ஒரு கல்யாண வண்டி

எங்கள் குடியாத்தத்தில் 'பந்த்' என்பது சுவரொட்டியில் இருக்கிற சொல். எப்போதாவது வரும். கடைகள் மூடும், பஸ் ஓடாது, பள்ளிக்கூடம் லீவு. மறுநாள் அப்பா வாங்கும் பேப்பரில் 'முழு அடைப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டு, வெறிச்சோடிய கடைத்தெருவின் படத்தையும் போட்டிருப்பார்கள். அதோடு சரி. அந்தச் சொல் வீட்டுக்குள் புகுந்து குடித்தனமே நடத்தும் என்பது, பெங்களூருக்கு வேலைக்கு வந்து லிங்கராஜபுரத்தில் ஆன்ட்டி வீட்டு மாடியில் குடியேறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அங்கே அது தினமும் புழங்கும் சொல். "ஃபேன் பந்த் பண்ணு." "கேஸ் பந்த் பண்ணியா?" "மூணாவது வூட்டு மருமக மாமியாராண்ட பேச்சே பந்த் பண்ணிட்டா." மழை விட்டால் மழை பந்த். இருமல் நின்றால் இருமல் பந்த். தமிழும் கன்னடமும் உருதுவும் ஒரே கொடியில் துணி காயப்போடுகிற தெரு அது. எந்தச் சொல் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. இருந்தாலும் இந்தச் சொல்லைப் பொறுத்தவரை ஆன்ட்டிக்கு நிகராக அந்தத் தெருவில் ஆள் கிடையாது.

மாடியைக் காட்ட வந்த அன்றே ஆரம்பித்துவிட்டார். "நைட்டு பத்துக்கு மேல கேட் பந்த். உன் ஃப்ரெண்டு கிரெண்டு வந்தா அதுக்குள்ள பேசி முடிச்சிக்கோ. ஞாயித்துக்கெழம கறி வாசன வரும், நீ சைவம்னா மூக்க பந்த் பண்ணிக்கணும். சைவமா நீ?"

"இல்லிங்க ஆன்ட்டி, சாப்பிடுவேன்."

"அப்ப ப்ளேட் எடுத்துக்கினு கீழ வந்துடு." வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசுவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமைக் கறி பேசி முடிந்தது.

ஒல்லியான உடம்பு. நைட்டி, அதன்மேல் தோளில் ஒரு துண்டு, இடுப்பில் சாவிக்கொத்து. அறுபதை நெருங்கிய வயதில் அந்த நடை யாருக்கும் வராது. நடை என்று சொல்வதே தப்பு, ஓட்டம்தான். சாப்பிடுவது நின்றுகொண்டு. சீரியல் பார்ப்பது நின்றுகொண்டு. விளம்பரம் வந்தால் அந்த நேரத்துக்குள் ஒரு பாத்திரம் கழுவி வந்துவிடுவார். ஸ்கூட்டியில் சிக்னலில் நிற்கும்போதுகூட ஒரு காலைத் தரையில் ஊன்றி, வண்டியைத் துளித்துளியாக முன்னால் தள்ளிக்கொண்டே இருப்பார். பச்சை விழும்போது ஆன்ட்டி ஏற்கெனவே பாதி ரோட்டைக் கடந்திருப்பார். போலீஸ்காரர் கத்தினால், "நா எங்க போனேன்? வண்டி போச்சி" என்பார்.

எதுவும் நின்று போவது அவருக்கு ஆகாது. சுவர்க் கடிகாரம் நின்றால் ஸ்டூலில் ஏறி அதைக் குலுக்கி, ஓடவைத்துவிட்டுத்தான் இறங்குவார். பேட்டரி அப்புறம்தான். தெருவில் யாராவது பைக்கை உதைத்துக்கொண்டிருந்தால் உள்ளேயிருந்து ஓடிவந்து, "சோக்கு போடு, சோக்கு போடு" என்று கத்துவார். கரண்ட் போனால் மற்றவர்கள் மெழுகுவத்தி தேடுவார்கள். ஆன்ட்டி தெருமுனைக்குப் போய் டிரான்ஸ்ஃபார்மரையே முறைத்துக்கொண்டு நிற்பார், அவர் முறைத்தால் அது பயந்து வேலை செய்யும் என்பதுபோல.

இதில் ஒரு கணக்கு வைத்திருந்தார். "நாம பந்த் பண்ணா அது ரெஸ்ட்டு. அதுவா பந்த் ஆனா அது நோவு." மோட்டாரை நாம் நிறுத்தினால் நல்லது, அதுவாக நின்றால் கெட்டது. கட்சிக்காரர்கள் நடத்தும் பந்த்? அதற்கும் பதில் இருந்தது. "அது இன்னொருத்தன் வந்து உன் வூட்டு சுவிட்ச அமுக்குறது. அவனுக்கு இன்னா அதிகாரம்?"

ஒருமுறை என் போனில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தேன். மழையால் போக்குவரத்து ஸ்தம்பித்தது என்று வந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தாமல் கேட்டார். "ஸ்தம்பிச்சிதுன்னா இன்னா?"

"பந்த் மாதிரிதான் ஆன்ட்டி. ஆனா யாரும் சொல்லிப் பண்றதில்ல. எல்லாம் அப்படியே, இருந்த எடத்துலயே நின்னுபோறது."

கத்தி ஒரு நொடி நின்றது. "அப்ப அது ரொம்ப மோசம்" என்றார். மறுபடி கத்தி ஓடியது.

எனக்கு அவர்மேல் எரிச்சல் இல்லாமலில்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் காதில் ஹெட்போனோடு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். கதவு தடதடவென்று தட்டப்படும். "இன்னா பண்ற? மேல சத்தமே இல்ல?" மீட்டிங் நடுவே எழுந்து கதவைத் திறந்து, உயிரோடு இருக்கிறேன் என்று முகம் காட்டிவிட்டு வர வேண்டும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஆன்ட்டி, சத்தம் இல்லன்னா வேலை செய்யறேன்னு அர்த்தம்!" என்று கத்திவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கு சத்தம் இல்லன்னா பயமா கீதும்மா" என்றார், அவ்வளவு சாதாரணமாக. அதற்குப் பிறகு நாற்காலியை அவ்வப்போது வேண்டுமென்றே இழுத்து ஓசை கிளப்பப் பழகிக்கொண்டேன்.

தெருச் சங்கத்துக் கூட்டத்தில் ஒருமுறை, காலமான முதியவர் ஒருவருக்காக எல்லாரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். பாதிகூட ஆகியிருக்காது. ஆன்ட்டியின் சாவிக்கொத்து கிலுகிலுவென்றது. பிறகு அவருடைய குரல், கிசுகிசுப்பாக, ஆனால் கூடம் முழுக்கக் கேட்கும்படி: "ஆச்சா?" இறந்தவரின் மகனே சிரித்துவிட்டார்.

அவர் ஏன் இப்படி என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. அங்கிளைப் பார்த்துப் பழகிய பிறகு புரிந்தது.

அங்கிள் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆன்ட்டி எவ்வளவு ஓட்டமோ அவ்வளவு நிதானம் அவர். குழந்தைகள் இல்லை. ஹாலில் ஒரு பிரம்பு நாற்காலி, அதில் அவர், கையில் தமிழ்ப் பேப்பர். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இதை ஆன்ட்டி ஊருக்கே சொல்லுவார். காய்கறி வண்டிக்காரர், "அண்ணா ஹேகித்தாரே?" என்று நலம் விசாரித்தால், கத்தரிக்காயை அழுத்திப் பார்த்துக்கொண்டே, "யூரின் பூரா பந்த் ஆயிடுச்சி அவருக்கு" என்று உரக்கச் சொல்லுவார். எனக்குக் கூச்சத்தில் காது சிவக்கும். அங்கிள் உள்ளேயிருந்து, "தெருவுக்கே நோட்டீஸ் ஒட்டிடு" என்பார்.

செவ்வாய், வியாழன், சனி. வாரத்தில் இந்த மூன்று நாளும் ஃப்ரேசர் டவுன் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் அவரை மெஷினில் போட வேண்டும். நாலு மணி நேரம் ரத்தம் வெளியே வந்து, சுத்தமாகி, உள்ளே போகும். ஒரு தடவையைத் தவறவிட்டாலும் உடம்பில் நீர் தேங்கும், மூச்சு திணறும், உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆன்ட்டிக்கு அது மந்திரம்போலப் பதிந்துவிட்டது. உலகத்தில் எது வேண்டுமானாலும் பந்த் ஆகலாம், செவ்வாய் வியாழன் சனி ஆகக் கூடாது. அந்த மெஷின் ஓடுகிற வரைக்கும்தான் அங்கிள். அதனால்தான் கடிகாரத்தைக் குலுக்கினார், அதனால்தான் என் கதவைத் தட்டினார் என்று நான் நினைக்கிறேன். அதற்கு முன்பும் அவர் இப்படித்தான் இருந்தார் என்று தெருவில் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அந்த ஓட்டத்துக்கு ஒரு திசை கிடைத்தது அப்போதுதான்.

அங்கிள் ஒருநாள் என்னிடம் சொன்னார். "அவள நிறுத்துற சுவிட்ச் எங்க இருக்குன்னு கல்யாணம் ஆன நாள்லருந்து தேடறேம்மா. கெடைக்கல."

"கெடைச்சா இன்னா பண்ணுவ?" என்று அடுக்களையிலிருந்து குரல்.

"தொடமாட்டேன். அப்புறம் யார் என்ன ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவா?"

ஒரு பந்த் நாள் விடிந்தும் விடியாமலும் என் கதவு தட்டப்பட்டது. திறந்தால், ஆன்ட்டி மயில் கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை கட்டி, தலையில் மல்லிகை வைத்து, கழுத்து நிறைய கவரிங் நகையோடு நிற்கிறார். நான் கனவென்றே நினைத்தேன்.

"உங்கிட்ட பட்டுப் பொடவ கீதா?"

"இருக்கு ஆன்ட்டி. எதுக்கு?"

"கட்டிக்கினு ஜல்தி வா. கல்யாணத்துக்குப் போறோம்."

"யாருக்குக் கல்யாணம்?"

"எனக்கும் அங்கிளுக்கும்" என்று சொல்லிவிட்டுத் தடதடவென்று இறங்கிப் போய்விட்டார்.

அதற்கு முந்தைய பந்த் என்னவாயிற்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆற்றுத் தண்ணீர்த் தகராறில் வந்த பந்த் அது. வியாழக்கிழமை. பந்த் என்றாலும் பால் வண்டி, ஆஸ்பத்திரி வண்டி, கல்யாண வண்டி, சவ வண்டி இவற்றை விட்டுவிடுவது இந்த ஊர் வழக்கம். அதை நம்பி ஆன்ட்டி ஸ்கூட்டியில் அங்கிளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மேம்பாலத்துக்குக் கீழே முச்சந்தியில், பேரிகேடு போட்டு, தலையில் சிவப்பு மஞ்சள் துண்டு கட்டிய பையன்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி என்று சொன்னார். அவர்கள் நம்பவில்லை. "எல்லாரூ ஆஸ்பத்ரே அந்தாரே ஆன்ட்டி" என்றான் ஒருவன், காலையிலிருந்து வருகிற எல்லாருமே ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள் என்று. அங்கிளும் பாவி மனிதர், நோயாளிபோல முனகக்கூடாதா? விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்து, "நமஸ்கார" என்று வேறு சொல்லியிருக்கிறார். கிளினிக் சீட்டை எடுத்துக் காட்டுவதற்குள் கூட்டம் சேர்ந்து, திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்கள். சுற்றி வளைத்துப் போய்ச் சேரும்போது அங்கிளுடைய மெஷினில் வேறொருவர். சாயங்காலம் கிடைத்தது பாதி நேரம்தான். மறுநாள் காலையில் அவருக்கு மூச்சு வாங்கி, உதடு நீலமாகி, ஆம்புலன்ஸில் தூக்கிப் போனார்கள். பிழைத்தார். ஆனால் ஆன்ட்டிக்கு அந்த நீல உதடு கண்ணிலேயே நின்றுவிட்டது.

கல்யாண யோசனை பாயுடையது. பாய் எங்கள் தெருவிலேயே ஆட்டோ வைத்திருந்தவர், ஆன்ட்டியின் சிநேகிதர், சண்டைத் துணை. "அம்மா, ஆஸ்பத்திரின்னா எவனும் நம்பமாட்டான். ஷாதின்னு சொல்லு, பூ குடுத்து அனுப்புவான்" என்றாராம். சொன்னதோடு நிற்காமல் ஒரு பலகையில் சிவப்புப் பெயிண்டால் 'மதுவே', அதாவது கல்யாணம், என்று கன்னடத்தில் பெரிதாக எழுதி, நாலு மூலையிலும் பிளாஸ்டிக் பூ ஒட்டி, ஆட்டோவின் முன் கண்ணாடிக்குக் கீழே கட்டிவிட்டார்.

நான் புடவையை அள்ளிச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தேன். அங்கிள் கறுப்புக் கோட்டும் சந்தன நிறத்து டையும் கட்டி, மடியில் போர்வைப் பையோடு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். மெஷினில் போட்டால் குளிரும், அதனால் போர்வை. "எப்படி இருக்கேன்?" என்றார்.

"மாப்பிள்ளை மாதிரி" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் இருந்தார்.

"நீ பொண்ணோட ஃப்ரெண்டு. வாயத் தெறக்காத" என்றார் ஆன்ட்டி என்னிடம். "உன் கன்னடத்தக் கேட்டான்னா மூணு பேரையும் எறக்கி வுட்டுருவான்."

முச்சந்தியில் ஆன்ட்டி சொன்ன அதே நாற்காலிகள், துண்டு கட்டிய பையன்கள். தலைவன்போல இருந்தவன், தாடி வைத்த பையன், பலகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்து குனிந்தான். உள்ளே ஒரு கிழவர், ஒரு கிழவி, முந்தானையைச் சரியாகக் குத்தாத நான். "மதுமக எல்லி?" என்றான், மாப்பிள்ளை எங்கே என்று.

ஆன்ட்டி துளியும் யோசிக்கவில்லை. பையிலிருந்து ஒரு ரோஜா மாலையை எடுத்து அங்கிள் கழுத்தில் போட்டார். "இவ்ரே" என்றார். இன்றைக்குக் கல்யாண நாள், மாதா கோயிலில் ஃபாதர் மறுபடி மோதிரம் மாற்றி வைக்கிறார் என்று கன்னடத்தில் பொரிந்து தள்ளினார். அங்கிள் வெட்கப்பட்டார். நடிப்பில்லை, உண்மையிலேயே வெட்கப்பட்டுக் காதுவரை சிவந்தார். பையன்கள் விசிலடித்தார்கள். பேரிகேடு நகர்ந்தது. பந்தை மீறி வருகிறவர்களுக்குக் கொடுத்து வெட்கப்பட வைப்பதற்காக ஒரு வாளியில் ரோஜாப்பூ வைத்திருந்தார்கள். அதிலிருந்து இரண்டை எடுத்து இருவருக்கும் ஒவ்வொன்று கொடுத்தான் தாடிப் பையன். அன்றைக்கு மெஷின் நாலு மணி நேரமும் ஓடியது. நான் பட்டுப்புடவையோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்த்தேன். நர்ஸ்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதிலிருந்து, வெளியே போகிற நாளில் பந்த் வந்தால் அவர்களுக்குக் கல்யாணம். பலகை பாயின் பின் சீட்டுக்கு அடியில் பத்திரமாக இருக்கும். பந்த் என்று அறிவிப்பு வந்ததும் பாய் யாரும் சொல்லாமலே அதை எடுத்துத் துடைத்துக் கட்டிவிடுவார். தாடிப் பையனும் எங்களை எதிர்பார்க்க ஆரம்பித்தான். "மத்தே மதுவேனா ஆன்ட்டி?" மறுபடியும் கல்யாணமா? "ஏன், உனக்குப் பொறாமையா?" என்பார் ஆன்ட்டி. ஒருமுறை அவன் ரோஜாவைக் கொடுக்கும்போது அங்கிளின் முழங்கையில் ஊசி போட்டுப் போட்டுப் புடைத்திருந்த நரம்பைப் பார்த்தான். கோட்டுக் கை மேலே ஏறியிருந்தது. பூவை அவர் கையில் வைத்துவிட்டு, தானே போய்ப் பேரிகேடை நகர்த்தினான். அதற்கப்புறம் எங்கள் ஆட்டோ தூரத்தில் வரும்போதே வழி திறந்திருக்கும். ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் விடவில்லை. "மதுமக எல்லி?" என்பான். "இவ்ரே" என்பார் ஆன்ட்டி. அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது.

ஊர் தண்ணீருக்காகக் கத்திக்கொண்டிருந்த அந்த நாட்களில் அங்கிள் ஒரு வாய்த் தண்ணீருக்காக ஆன்ட்டியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவருக்குத் தண்ணீர் அளவுதான், சின்ன வெள்ளி டம்ளரில். எதையும் நிற்கவிடாத ஆன்ட்டி அவர் தண்ணீரை மட்டும் நிறுத்த வேண்டியிருந்தது. "போதும், பந்த்" என்று டம்ளரைப் பிடுங்கும்போது மட்டும் அந்தச் சொல் அவர் வாயில் மெதுவாக வரும். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்காது. மாடிக்கு ஓடிவிடுவேன்.

அங்கிள் போனது ஒரு புதன்கிழமை, மெஷின் இல்லாத நாள். யார்மீதும் குற்றம் சொல்ல முடியாத சாவு. மதியம் சாப்பிட்டு, பிரம்பு நாற்காலியில் பேப்பரோடு சாய்ந்திருக்கிறார். நான் மாடியில் இருந்தேன். கதவு தட்டப்பட்டது, ஆனால் தடதடவென்று இல்லை. ஒரே ஒரு தட்டு.

"கொஞ்சம் கீழ வாம்மா. அங்கிள எழுப்புறேன், எழமாட்டேங்குறாரு."

நான் போய்ப் பார்த்தேன். தொட்டதும் தெரிந்துவிட்டது. டாக்டர் வந்து ஸ்டெதாஸ்கோப் வைத்தார், நின்றுவிட்டது என்று சொன்னார். நான் ஆன்ட்டியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேனுக்கும் மழைக்கும் இருமலுக்கும் சொன்ன அந்தச் சொல்லை இப்போது சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அவர் சொல்லவில்லை. அங்கிளின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுவிட்டார். பிறகு நிற்காமல் வேலை செய்ய ஆரம்பித்தார். நாற்காலிகளை நகர்த்தினார், எல்லாருக்கும் டீ போட்டார், அழுகிறவர்களுக்குத் துண்டு கொடுத்தார்.

மறுநாள் பந்த். முன்பே அறிவித்திருந்தார்கள். தங்கவயலிலிருந்து கடைசி ரயிலைப் பிடித்து வந்த நாத்தனார், கோயில்காரர்கள், எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: வெள்ளிக்கிழமை அடக்கம் பண்ணலாம். ஐஸ் பெட்டி இருக்கிறது. நாளைக்கு யாரும் வர முடியாது, பூக்கடைகூட இருக்காது.

"நாளைக்கி எடுக்கணும்" என்றார் ஆன்ட்டி.

"அண்ணி, ஒரு நாள்தானே. ஊரே நின்னுப்போவுது நாளைக்கி."

"ஊரு நிக்கட்டும். நாளைக்கி வியாழக்கெழம. அவரு வெளிய போற நாளு." நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

காலையில் ஜெபம் முடிந்து பெட்டியைச் சவ வண்டியில் ஏற்றினார்கள். நாத்தனாரும் உறவுக்காரர்களும் அதில் ஏறிக்கொண்டார்கள். ஆன்ட்டியை முன்னால் உட்காரச் சொன்னார்கள். "பந்த்னா நா பாய் வண்டிலதான் போவேன்" என்று சொல்லிவிட்டு எங்கள் ஆட்டோவை நோக்கி வந்தார். வெள்ளைப் புடவை. சாவிக்கொத்து இடுப்பிலேயே இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாய் அழுதுகொண்டே ஆட்டோவைக் கிளப்பினார். சவ வண்டி முன்னால் போயிற்று.

மேம்பாலத்து ஏற்றத்தில் ஆட்டோ நின்றுவிட்டது. பாய் இழுத்து இழுத்துப் பார்த்தார். சவ வண்டி இறக்கத்தில் இறங்கி மறைந்தது. ஆன்ட்டி வெள்ளைப் புடவையோடு ரோட்டில் இறங்கி, "தள்ளும்மா" என்றார். இருவரும் தள்ளினோம். காலி மேம்பாலத்தில் எங்கள் மூச்சு மட்டும் கேட்டது. உச்சிக்குப் போனதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஓடி ஏறிக்கொண்டோம்.

முச்சந்தியில் பேரிகேடு மறுபடி மூடியிருந்தது. சவ வண்டிக்கு மரியாதையாக வழிவிட்டு, அது யாருடையது என்று தெரியாமல், திரும்ப மூடியிருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு. எங்கள் ஆட்டோவைப் பார்த்ததும் தாடிப் பையன் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து, வாளியிலிருந்து இரண்டு ரோஜாவை எடுத்துக்கொண்டு வந்தான். அவன் ஏன் அப்படிச் சிரிக்கிறான் என்று எனக்குக் கோபமே வந்தது. அப்புறம்தான் கண்ணாடிக்குக் கீழே பார்த்தேன். பலகை. சிவப்புப் பெயிண்டில் 'மதுவே', நாலு மூலையிலும் பிளாஸ்டிக் பூ. பந்த் நாள் காலை என்பதால் பாயின் கை தானாக அதை எடுத்துத் துடைத்துக் கட்டியிருக்கிறது. அவருக்கும் தெரியவில்லை, எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

"மத்தே மதுவேனா ஆன்ட்டி?" என்று கேட்டுக்கொண்டே குனிந்தான். "மதுமக எல்லி..."

வெள்ளைப் புடவையைப் பார்த்துவிட்டான். பூ பிடித்த கை நடுவழியில் நின்றது. பாய் அப்போதுதான் பலகையைக் கண்டார். "யா அல்லா" என்று தலையில் அடித்துக்கொண்டு இறங்கி, கயிற்றை அறுக்கப் போனார்.

"வுடு பாய். கழட்ட நேரமில்ல" என்றார் ஆன்ட்டி. பிறகு அந்தப் பையனைப் பார்த்து, வழக்கமான குரலிலேயே சொன்னார். "முந்தே காடீலி ஹோதுரு. தாரி பிடப்பா." மாப்பிள்ளை முன்னால் போன வண்டியில் போய்விட்டார். வழி விடப்பா.

அவனுக்கு அது உள்ளே இறங்க ஒரு கணம் ஆனது. திரும்பிக் கையைக் காட்டினான். யாரோ ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். துண்டைத் தலையிலிருந்து எடுத்தார்கள். ஓரத்தில் நின்ற போலீஸ்காரர்களும் தொப்பியைக் கழற்றினார்கள். பேரிகேடை நகர்த்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை. பேப்பரில் எத்தனையோ தடவை படித்த 'ஸ்தம்பித்தது' என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். எல்லாரும் இருந்த இடத்திலேயே நின்றார்கள். நானும் நின்றுபோனேன். அந்த அமைதி முடியக் கூடாது என்று இருந்தது.

பக்கத்தில் சாவிக்கொத்து கிலுகிலுத்தது.

"ஆச்சா?" என்றார் ஆன்ட்டி. கையை நீட்டிப் பையனிடமிருந்து இரண்டு ரோஜாவையும் வாங்கிக்கொண்டார். குரல் அப்போதுதான் முதல்முறையாக உடைந்தது. "போ பாய், ஜல்தி போ. அங்க அவரு தனியா போயினுகீறாரு."